கோத்துப் பேசும் பாஷை

சென்ற புதன்கிழமை ஒரு வெள்ளைக்காரர் என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தபடியே உயிரை விடப்போகிறார் என்று மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். எஸ்பெராண்டோ படித்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

உலகத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து செய்த பாஷை அது. தபால் வழியாகப் படித்துவருகிறேன். சின்னச் சின்னச் சொற்களை, பேராதனைச் சந்தியில் ரயில் பெட்டிகளைப் பூட்டுவதுபோல, இடைவெளி விடாமல் பூட்டிக்கொண்டே போகலாம். பூட்டுவது சுகம். ஓடிவருகிற ரயிலைக் கழற்றுவது...?

வந்தவர் ஹங்கேரிக்காரர். இங்கிலீஷ் வராது. எஸ்பெராண்டோக்காரர் விலாசப் புத்தகத்தில் கண்டிக்கு நேரே இருந்த ஒரே பெயர் என்னுடையது. தேநீரை ஒரு வாய் குடித்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மல்சானுலேயோ" என்றார்.

கழற்றினேன். மல் — எதிர்மாறு. சான் — சுகம். ஐயோ, சுகமில்லை! உல் — ஆள். சுகமில்லாத ஆள். ஏய் — இடம். அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும் இடம்... ஆஸ்பத்திரி! நெஞ்சில் கை, வாயில் ஆஸ்பத்திரி. இதற்கு மேல் ஒரு மனிதர் என்னதான் சொல்லவேண்டும்?

இவர் இங்கே செத்தால் பொலீஸுக்கு எந்தப் பாஷையில் பதில் சொல்வது? மனைவியை மல்லித் தண்ணீர் வைக்கச் சொன்னேன். விருந்தாளியைப் பிடித்துப் படுக்கவைத்து, காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி, விசிறினேன். அவர் எழுந்து எழுந்து "சானா, சானா" என்றார். சுகமாம்! எந்த நோயாளிதான் அப்படிச் சொல்வதில்லை?

நான் சொல்லியனுப்ப, பக்கத்துத் துணிக்கடை காசிம் நானா வாடகைக் காரோடு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், இந்த மனிசன் நல்லாத்தானே ஈக்கிறாரு. ஒங்கட மொகம்தான் வெளிறிக் கெடக்கு."

"நானா, உங்களுக்கு எஸ்பெராண்டோ தெரியுமா?"

"தெரியாது. அதாலதான் நான் பதறல்ல."

ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் விருந்தாளியின் முகம் மலர்ந்தது. துள்ளி இறங்கினார். கைப்பையைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். மனிதர் டாக்டர்! போகிற ஊரிலெல்லாம் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்ப்பது அவர் வழக்கமாம். நெஞ்சைத் தொட்டது 'நான்' என்று சொல்லத்தானாம்.

படியில் மூச்சு வாங்க நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். குழாயை என் நெஞ்சில் வைத்தார். நம்மூர் டாக்டரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். இருவரும் ஒரே பாஷையில் தலையசைத்தார்கள்.

வார்டுகளைப் பார்த்து முடித்து அவர் மாலை ரயிலில் கொழும்புக்குப் போனார். எனக்கு இரண்டு நாள் கட்டில் கொடுத்தார்கள்.