நாளையைப் பற்றிப் பொய் கூடாது

"நில்லு, நில்லு!" சாக்பீஸைத் தூக்கிப் பிடிக்கிறார் குழலி மிஸ். பட்டுக்கடையில் வேலை பார்க்கும் ஜீவிதா அப்போதுதான் 'ஐ யாம் கோயிங் டு பை எ ஸ்கூட்டி' என்று சொல்லி முடித்திருக்கிறாள்.

"மனசுல முடிவு பண்ணிட்டியாமா? கலராச்சும் பாத்து வெச்சிருக்கியா?"

"இல்ல மிஸ். சும்மா சொன்னேன்."

"அப்ப 'மைட் பை'ன்னு சொல்லு. நாளைக்கு நடக்கப் போறதுல பொய் சொல்லாதமா."

முழுப் பெயர் ஏலவார்குழலி. ஊர்க் கோயில் அம்மனின் பெயர்; அதை அப்படியே முழுசாகக் கூப்பிடுவது பேங்க்காரர்கள் மட்டும்தான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். கடைப் பெண்கள், கோயில் கைடுகள், ஆட்டோக்காரர்கள் என்று பெஞ்சு நிறைந்துவிடும். மிஸ் கொஞ்சம் குள்ளம். பலகையின் மேல் பாதி எப்போதும் சும்மாவே கிடக்கும்.

"ஒருத்தர் பை தூக்க முடியாம நிக்கறாரு. நீ 'ஐ வில் ஹெல்ப்'ங்கற. அது அந்த நிமிஷம் வாயில வந்தது. 'கோயிங் டு'ன்னா முன்னாடியே மனசுல முடிவு பண்ணது. 'ஐ யாம் மீட்டிங் ஹிம்'னா அந்தாளுக்கும் தெரியும், ரெண்டு பேரும் பேசி வெச்சாச்சு. பஸ்ஸுதான் 'லீவ்ஸ் அட் சிக்ஸ்'. உனக்காகல்லாம் நிக்காது."

இந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். கல்லூரி முடித்த புதிதில் ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போனது. செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளை வேறு திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பை நம்பி, வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் குழலி எழுந்து போய்ப் பார்த்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அதற்கப்புறம் பெண் பார்க்க யாரையும் வரவிடவில்லை. இப்போது நாற்பதைத் தாண்டியாயிற்று. அண்ணன் குமாரசாமி வீட்டில்தான் இருக்கிறார்.

பின் பெஞ்சில் தணிகாசலம் உட்கார்ந்திருப்பார். முசரவாக்கத்துக்காரர், ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி இறந்து பல வருஷமாகிறது. ஒரே வகுப்பை மூன்றாவது முறையாகப் படிக்கிறார். ஏன் என்பது வகுப்புக்கே தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும். 'ஐ வில் டிரைவ், ஐ வில் ஈட்' என்பதைத் தாண்டி அவர் போன வாரம்வரை வாய் திறந்ததில்லை.

போன வியாழக்கிழமை திறந்தார். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஐ யாம் மீட்டிங் யுவர் பிரதர் ஆன் சண்டே" என்றார்.

"எங்க அண்ணன்கிட்ட பேசிட்டீங்களா?" என்று கேட்டார் மிஸ்.

"இல்ல மிஸ். உங்களக் கேட்டுக்கினு பேசலாம்னு. உங்களக் கட்டிக்கணும்னு ஆசை இருக்குது மிஸ். இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க. அடுத்த பேட்சுக்கு வர மாட்டேன்."

மிஸ் பலகைப் பக்கம் திரும்பினார். எழுத ஒன்றும் வரவில்லை. "க்ளாஸ் முடிஞ்சிதுபா" என்றார். பாதிகூட முடிந்திருக்கவில்லை. ஜீவிதாதான் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள்.

குமாரசாமி நல்ல மனுஷர். ஆனால் நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணை வேறு ஜாதிக்காரர் கேட்டு வந்தால், தறியை விட்டு எழுந்து தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தக்கூடியவர். அந்த வீட்டை விட்டால் குழலிக்குப் போக்கிடம் கிடையாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும். சொல்ல மனசு வரவில்லை. அவருக்குத் தணிகாசலத்தை ரொம்பப் பிடித்திருந்தது.

அவர் கீழே வந்தபோது தணிகாசலம் ஆட்டோவில் ஏறாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். மிஸ் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியா? ஒருத்தர் உன்ன பாக்க வராரு."

"இருப்பேன்மா. யாரு வராங்க?"

மிஸ் போனைத் தணிகாசலத்திடம் நீட்டினார்.