ஓரியனில் எரிந்த கல்யாண விளக்கு

வள்ளியம்மைதான் போன் செய்தாள். "அண்ணன் காலையில போயிருச்சுங்க சார்," என்று அழுதவள், அடுத்த மூச்சில், "எங் கல்யாணத்துல வெளக்கை அணைக்க வச்ச அண்ணன்!" என்று சிரித்தும்விட்டாள். சொக்கலிங்கத்துக்காக முழுசாக அழ எங்கள் யாராலும் முடியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரே கல்லூரியில் அவன் இயற்பியல் ஆசிரியன், நான் வேதியியல். ஓரியன் நெபுலா என்கிற ஒளிரும் வாயு மேகத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அளக்க அவனுக்கு ஆசை. திருமயம் பக்கத்தில் இருந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து அதன் ஒளியைப் பட்டகத்தில் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் படமெடுப்பான். ஆக்ஸிஜன் பச்சையில் பளிச்சென்று ஒரு கோடு போடும். நீலத்தில் மங்கலாக இன்னொன்று. மங்கல் கோடு பலமாக இருந்தால் வாயு அதிகச் சூடு. சூடு அதிகமென்றால் கொஞ்ச ஆக்ஸிஜனே அத்தனை வெளிச்சமும் காட்டிவிடும். "சத்தத்தை வச்சுக் கூட்டத்தை எண்ணாதே, மொதல்ல சூட்டைப் பாரு," என்பான்.

அவன் தந்தையை வீட்டில் அப்பச்சி என்பார்கள். பினாங்கில் கடை வைத்திருந்தவர். "இந்த வருசம் ஒன் கணக்கு தேறணும். இல்லாட்டிக் கடையைப் பாக்கக் கப்பல் ஏறு," என்று கெடு வைத்திருந்தார். கடை என்றாலே சொக்கலிங்கத்துக்கு முகம் வாடிவிடும்.

தங்கை வள்ளியம்மையின் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, உறவெல்லாம் பந்தலில் இருக்க, இவன் மாடியில் தகடு எடுத்தான். கணக்கு வந்தது: நெபுலாவில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய இல்லவே இல்லை! யாரும் சொல்லாத முடிவு. கல்யாணம் முடிந்ததும் கட்டுரையைத் தபாலில் போடப் போகிற வழியில் என்னிடம் தகட்டைக் காட்ட வந்தான். பச்சைப் பகுதியில் கூடுதலாக ஒரு கோடு இருந்தது.

"இது என்னடா?"

"தெரியல. அதுவும் புதுசுதான் போல."

எனக்குச் சந்தேகம். லேபில் இருந்த பாதரச விளக்கின் கோடுகளைப் படமெடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அச்சாக அதே இடம். நீலத்திலும் பாதரசத்துக்கு ஒரு கோடு உண்டு, ஆக்ஸிஜனின் மங்கல் கோட்டுக்கு ஒட்டினாற்போல. அது கலந்துதான் மங்கல் கோடு பலமாகி, இல்லாத சூட்டைக் காட்டியிருக்கிறது. பாதரசம் எங்கிருந்து வந்தது? பந்தலுக்குத் திருச்சியிலிருந்து வந்த, உள்ளே பாதரச ஆவி இருக்கிற டியூப்லைட்டிலிருந்து! சொக்கலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கெடு நினைவுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இருவருமாகப் போய் அப்பச்சியிடம் சொன்னோம். அன்று மறுவீட்டு விருந்து. அவர் பொறுமையாகக் கேட்டார். "தராசுத் தட்டுல என்னமோ ஒட்டியிருக்கு. தொடச்சிட்டு மறுபடி நிறு," என்றவர், பந்தலைப் பார்த்து, "டியூப்லைட்டை அணைங்கப்பா! பெட்ரோமாக்ஸைக் கொண்டாங்க!" என்று கத்தினார்.

"மாப்பிள்ளை மொகமே தெரியலையே அப்பச்சி," என்றாள் வள்ளியம்மை.

"மாப்பிள்ளையை ஆயுசுக்கும் பாக்கலாம் ஆத்தா. அந்த மேகம் இன்னும் கொஞ்ச நாள்ல மறைஞ்சிருமாம், விட்டா அடுத்த வருசந்தானாம்."

சம்பந்தி வீட்டார் விழித்தார்கள். இருட்டில் எனக்கு இரண்டு முறை பாயசம் விழுந்தது. புதுத் தகட்டின் கணக்கு, மற்றவர்கள் ஏற்கெனவே சொன்ன அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. புதுமை ஒன்றும் இல்லை. அப்பச்சி, "சரியா நிறுத்துட்டான்ல? போதும்," என்றார். சொக்கலிங்கம் கப்பல் ஏறவில்லை.

அந்தத் தப்பான தகடு என்னிடம் இருக்கிறது. போனில் வள்ளியம்மை அதைக் கேட்டாள். தரமாட்டேன் தாயி. அந்த நீலக் கோட்டில் எவ்வளவு ஓரியன், எவ்வளவு உன் கல்யாணம் என்று உன் அண்ணனாலேயே பிரிக்க முடியவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.