லாஸ்பேட்டைச் சரிவில் அடித்த மணி

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருடம், புதுச்சேரியில் செம்மண்ணும் ஜல்லியும் ஏற்றும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். பிரான்சிலிருந்து கப்பலில் வந்த பழைய லாரி ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கியர் கிடையாது. பெட்ரோல் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. ஒரு டைனமோவைத்தான் சுற்றும். அந்த மின்சாரம் பின்சக்கர மோட்டார்களுக்குப் போகும், மிச்சம் பேட்டரிகளில் சேரும். எஞ்சினை அணைத்தாலும் பேட்டரியிலேயே கொஞ்ச தூரம் நகரும். துளிச் சத்தம் இருக்காது.

அதை ஓட்டியவனும் மண் ஏற்றிய அவன் அண்ணனும் அரியாங்குப்பத்துக்காரர்கள். ஒரு மத்தியானம் தம்பி லாரியை ஒரு சுவரைப் பார்த்தபடி நிறுத்தி எஞ்சினை அணைத்தான். அண்ணன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற முன்னால் போய் நின்றார். தம்பி இறங்க எழுந்தபோது, மோட்டாருக்கு மின்சாரம் விடும் மிதியில் அவன் கால் பட்டது. வண்டி ஓசையில்லாமல் நகர்ந்து அண்ணனைச் சுவரோடு நசுக்கிவிட்டது. நான் ஓடிப்போனபோது அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "எஞ்சின் ஓடலையே... எஞ்சின் ஓடலையே..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வண்டி நகர்ந்தால் தெரியும்படி ஒரு மணி வைக்கச் சொன்னார் முதலாளி. மோட்டாருக்குப் போகும் கம்பியில் கோத்தேன். அதில் மின்சாரம் ஓடினால் மணி அடிக்கும். அண்ணனின் காரியம் எல்லாம் முடிந்து திரும்பி வந்தவன், யார் தடுத்தும் கேட்காமல், அதே லாரியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

சில நாளில் என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மேஸ்திரி, லாஸ்பேட்டைச் சரிவுல எறங்கறப்ப மிதியில காலே வைக்கல. மணி அடிக்குது."

"சரிவுல சக்கரம் தானா உருளுதுப்பா. அது மோட்டாரச் சுத்துது. அப்ப மோட்டாரே டைனமோ ஆயிடும். கரண்டு திரும்பிப் பேட்டரிக்கு ஓடும். அதான் வண்டி வேகமெடுக்காம இழுத்துப் புடிக்குது. அதே கம்பிதானே, மணியும் அடிக்குது."

"இழுக்கறது பழக்கந்தான். இப்ப யாரோ புடிச்சிருக்காப்ல இருக்கு."

மறுநாள் அவனோடு போனேன். சரிவு தொடங்கியதும் இரண்டு காலையும் தூக்கிக் காட்டினான். மணி அடித்தது. பாரவண்டி தயங்கித் தயங்கி இறங்கியது. அவன் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. கம்பியைக் கோத்தவன் நான்தான். ஆனாலும் எனக்குப் பிடரி சில்லிட்டது.

அன்றே கம்பியை மாற்றி, மிதியை அழுத்தினால் மட்டும் மணி அடிக்கும்படி செய்தேன். ஒரு நாள்தான் ஓட்டியிருப்பான், மறுபடி வந்து நின்றான்.

"பழையபடி வச்சிடுங்க மேஸ்திரி."

"பயந்தியேப்பா?"

"பயந்தான். நேத்து சத்தமில்லாம எறங்கினேன். அது அதவிட மோசம்."

முதலாளியைக் கேட்காமலே மாற்றிக் கொடுத்தேன்.

பிறகு பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. புதியது வர வழியில்லை. லாரியை உடைத்து விற்றார்கள். அவன் மூலக்குளத்துக்குக் குடிபோய் டீசல் லாரி ஓட்டினான். வழியில் கண்டால் நிறுத்திப் பேசுவான். அண்ணன் பேச்சை மட்டும் எடுக்கமாட்டான், நானும் கேட்டதில்லை. லாஸ்பேட்டைக்குப் போனால், வரும்போது அந்தச் சரிவில் சைக்கிளை மிதிக்காமல் உருளவிட மனம் வராது. இறங்கி, தள்ளிக்கொண்டே நடந்துவிடுவேன்.