நறுக்குவதற்காக வரைந்த படம்

1. கார்ட்டூன்

மலை மேலே இருக்கிற ஜமுனாமரத்தூர் நெசவு சென்டரில் நான் டிசைனராகச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். சொந்த ஊர் கலசப்பாக்கம். டிராயிங் ஹயர் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன். அதுவரை நான் வரைந்ததெல்லாம் பள்ளிக்கூடச் சுவரில் உலக வரைபடமும், மனித உடம்பின் உறுப்புகளும்தான்.

சென்டரை ஒரு கிறிஸ்தவ சபை நடத்தியது. மலையில் சாமையும் வரகும் விதைக்கிற வீட்டுப் பெண்கள், தகரக் கொட்டகையில் தறி போட்டுக் கம்பளி விரிப்பு நெய்தார்கள். முதல் நாளே டைரக்டர் என்னைக் கூப்பிட்டு மேஜையில் ஒரு அச்சுப்படத்தை விரித்தார். இரண்டு படகு, வலை கிழிகிற அளவுக்கு மீன், ஒரு படகின் நுனியில் ஏசு, அவர் முன்னால் மண்டி போட்ட மீனவர், கரையில் கழுத்து நீண்ட கொக்குகள்.

"இது ஒரு கார்ட்டூன், சரோஜா," என்றார்.

பத்திரிகையில் மந்திரிக்கு மூக்கை நீட்டிப் போடுவார்களே, அதுதான் எனக்குத் தெரிந்த கார்ட்டூன். நான் முழித்ததைப் பார்த்து அவரே விளக்கினார். நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பெரிய சர்ச்சுகளின் சுவரில் நெய்த சித்திரங்களைத் தொங்கவிடுவார்களாம். அதற்கு இத்தாலி ஓவியர்கள் தாளில் முழு அளவுக்கு வண்ணப்படம் தீட்டிக் கொடுப்பார்கள். அந்த மாதிரிப் படத்துக்குத்தான் கார்ட்டூன் என்று பேர். நெசவாளர்கள் அதை நீளவாக்கில் நறுக்கி, தறியில் நெடுக்கே ஏற்றிய பாவு நூலுக்கு அடியில் வைத்து, பார்த்துப் பார்த்து நெய்வார்கள். நெய்கிறவர் பக்கம் இருப்பது துணியின் முதுகு. அதனால் மாதிரியில் இடது பக்கம் இருப்பது துணியில் வலது பக்கம் வந்துவிடும். அந்த அச்சுப்படத்தில் பல பேர் இடது கையையே நீட்டிக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மலைக்குக் கீழே ஒரு ஊரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த சர்ச்சுக்கு, பீடத்துக்குப் பின்னால் தொங்கவிட இப்படி ஒன்று வேண்டும். நான் மாதிரி போட வேண்டும், பெண்கள் நெய்ய வேண்டும். அதுதான் ஆர்டர்.

2. இத்தனை நீலம்

தாள்களை ஒட்டி ஒட்டி, குடோன் சுவர் முழுக்கப் பரப்பினேன். கட்டம் போட்டுப் பெரிதாக்கி, பவுடர் கலரை வஜ்ரப் பசையில் கலந்து தீட்ட ஆரம்பித்தேன். தலைமை நெசவாளி வெள்ளச்சி தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து சுவருக்கு எதிரே குந்திக்கொள்வாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நல்லா இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"இன்னா சரோஜா, தண்ணிக்கு இத்தினி நீலம் போட்டுக்கினு கீற? இவ்ளோ நூலுக்கு நான் எங்க போவேன்?"

"தண்ணின்னா அப்படித்தான் இருக்கும் வெள்ளச்சி. ஆழத்துல ஒரு மாதிரி, கரையில ஒரு மாதிரி."

"உன் பிரஷ்ஷுல வரும். என் தறிச் சீப்புக்கு வராது. சாய அண்டாவுல மூணு நீலம்தான் காச்ச முடியும். மூணுல போடு."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு நானே தறியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு நீலத்தைச் சீப்புப் பல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்து நெய்தால், தூரத்திலிருந்து மூன்றாவது நிறம் தெரிந்தது. குடோனுக்குத் திரும்பி, தண்ணீர் முழுவதையும் அழித்து அப்படியே திரும்பத் தீட்டினேன். மீனவரின் முதுகுத் தசை, அங்கியின் மடிப்பு, மேகம் எல்லாம் அந்தக் கணக்கிலேயே வந்தன. படம் முன்னைவிட அழகாகிவிட்டது. அதுதான் வினையாகவும் முடிந்தது.

3. கண்ணாடி போட்ட யோசனை

மாதிரி முடிகிற சமயத்தில் மெட்ராஸிலிருந்து சபைக்கு வேண்டிய விருந்தாளிகள் சிலர் வந்தார்கள். குடோனுக்குள் நுழைந்தவர்கள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவர்கள் போனதும் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிளானை மாத்திட்டோம். உங்க பெயின்டிங்கை ஃபிரேம் போட்டு மெட்ராஸ்ல எக்ஸிபிஷன் வைக்கிறோம். கீழ உங்க பேர் வரும். சர்ச்சுக்கு அதையே போட்டோ எடுத்து, துணியில பிரிண்ட் அடிச்சுக் குடுத்துடலாம். சீக்கிரம் முடியும்."

"தறியில பாவு ஏத்தியாச்சுங்களே சார்."

"இறக்கிடச் சொல்லுங்க. அவங்களுக்கு வேற வேலை வந்தா கூப்பிடலாம்."

எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். என் பேர் மெட்ராஸில் ஒரு படத்துக்குக் கீழே. அப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்ப்பார். அந்த நினைப்போடுதான் கொட்டகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

வெள்ளச்சி சத்தம் போடவில்லை. "இந்தப் பெரிய தறிக்காவத்தான் நாலு பேரும் களையெடுப்பை வூட்ல மத்தவங்க தலையில கட்டிட்டு வந்தோம். எங்க ஆளுங்ககிட்ட சண்டை போட்டுட்டு வந்தோம். இப்ப போயி இன்னான்னு சொல்றது? படம் நல்லாகீது, அதனால வேலை இல்லைன்னா?"

ஏற்றி வைத்த பாவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தண்ணிய நீ எப்படிப் போட்ட? எங்க தறியப் பாத்துத்தான போட்ட?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் குடோனுக்குப் போய்ப் படத்தின் முன்னால் நின்றேன். ஒவ்வொரு கோடும் நூலுக்காகப் போட்டது. கண்ணாடிக்குள் போய்விட்டால் அதற்குச் செய்ய வேலை இல்லை. நான்கு பெண்களுக்கும் இல்லை.

4. கத்தரி

படத்தை ஏற்றிப்போக ஜீப் வரும் என்று சொல்லியிருந்த காலையில், வெட்டு மேஜையில் கிடந்த பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். வெள்ளச்சியையும் கூப்பிட்டேன்.

"நல்லா யோசிச்சியா?" என்றாள்.

"பிடி."

மேலேயிருந்து கீழே நேராக வெட்டினேன். முதல் வெட்டு மீனவரின் தோளை ஒட்டிப் போனது. வெட்டு கோணவில்லை. அடுத்த துண்டுகளை அவள் பிடித்துக்கொள்ள, நான் வெட்டிக்கொண்டே போனேன். துண்டுகளைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். பெண்கள் நாலு பேரும் பலகையில் உட்கார, பாவுக்கு அடியில் முதல் துண்டை வைத்துக் கட்டினேன்.

டைரக்டர் உள்ளே வந்தபோது குறுக்கு நூலான ஊடை ஓட ஆரம்பித்திருந்தது.

"என்ன பண்ணியிருக்கீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

"மாதிரி சார். நறுக்கறதுக்குன்னு போட்டது. நீங்கதான் சொன்னீங்க."

"அது சென்டரோட சொத்து. போலீஸ்ல சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லுங்க சார். சென்டர் ஆர்டரை, சென்டர் தறியில, சென்டர் ஆளுங்க நெய்யறாங்கன்னு நானும் சொல்றேன்."

அவர் பெண்களைப் பார்த்து, எழுந்திருங்கள் என்றார். ஒருத்தியும் அசையவில்லை. வெள்ளச்சி சீப்பால் ஊடையைத் தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "எங்கள எழுப்பணும்னா பாவை அறுத்துத்தான் எழுப்பணும் சார். அறுத்துக்கோங்க."

பாவை அறுக்க அவருக்கும் மனசு வரவில்லை. என் பக்கம் திரும்பி, "நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்," என்றார்.

"தறியிலேர்ந்து இறக்கற வரைக்கும் வருவேன் சார். துண்டு மாத்திக் கட்ட ஆள் வேணும்."

"அவ வரலைன்னா நாங்களும் வரமாட்டோம்," என்றாள் வெள்ளச்சி.

ஜீப் காலியாகவே மலை இறங்கியது.

5. இறக்கின நாள்

நெய்து முடிக்க மாதக்கணக்கானது. சாமை அறுப்பு வந்தபோது பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஏசுவின் முகத்தை இரண்டு தடவை பிரித்து நெய்தோம். ஊடை நகர நகர என் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கந்தலாயின. ஊசி குத்தியும் சாயம் பட்டும் முகங்கள் மறைந்துபோயின. கடைசியில் சாய அடுப்பைப் பற்றவைக்கத்தான் ஆயின.

பாவை அறுத்துத் தரையில் இறக்கித் திருப்பிப் போட்ட பிறகுதான் நாங்களே அதன் முகத்தைப் பார்த்தோம். மீனவர்கள் வலது கையால் வலை இழுத்தார்கள். தண்ணீர் நகர்வது மாதிரி இருந்தது. வெள்ளச்சி அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நல்லாகீது," என்றாள்.

சர்ச்சில் தொங்கவிட்ட அன்று டைரக்டர் பலருக்கு நன்றி சொன்னார். நெய்தவர்களைச் சொல்லவில்லை. நாங்கள் ஐந்து பேரும் முன் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தோம். எங்களை யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கச் சொன்னபோதும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமே என் வேலை போயிற்று. கிளம்பும்போது டைரக்டர் சொன்னார்: "அந்தப் பெயின்டிங் முழுசா இருந்திருந்தா நீங்க எங்கியோ போயிருப்பீங்க."

"நான் எங்கியும் போறதுக்காக அதை வரையல சார்," என்றேன்.

அதற்குப் பிறகு வேறு வேறு நெசவு சென்டர்களில் இருபது வருஷத்துக்கு மேல் டிசைனராக இருந்துவிட்டேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என் கதையைக் கேட்டுவிட்டு, வருத்தமில்லையா என்று கேட்கிறார்கள். இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வரைய உட்காரும்போது, இதை வைத்து யார் வேலை செய்யப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிகிறவரை அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். நடுவில் யாராவது வந்து உங்களை மட்டும் தனியாகத் தூக்கி வைக்கப் பார்த்தால், முடியாது என்று சொல்லுங்கள். வேலை போகும். எனக்குப் போயிற்று. வேறு வேலை கிடைத்தது.