சம்பந்தி வீட்டு வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவனுக்கு ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள். டயரைப் பார், கதவைச் சாத்திப் பார், மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார் என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒன்றைக்கூடச் செய்யாமல் காரை வாங்கிக்கொண்டு வந்தேன். காரணம், அது சம்பந்தி வீட்டு வண்டி. பெண்ணைக் கொடுத்த வீட்டு வாசலில் குனிந்து நின்று டயரைத் தடவிப் பார்க்க முடியுமா? எங்கள் பக்கத்தில் எவனும் பார்க்க மாட்டான்.

வண்டி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குக் கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இரண்டு தடவை பெரம்பலூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். நாங்கள் இருப்பது அரியலூர். போகும்போது எப்படியாவது பஸ்ஸில் போய்விடலாம், திரும்பி வருவதுதான் கொடுமை. மெஷினை விட்டு எழுந்து வருகிறவளுக்குக் கால் நிற்காது, தலை சுற்றும், வாந்தி வரும். பஸ்ஸிலோ கம்பியைப் பிடிக்கவே இடம் இருக்காது. முன்னால் போகும் சிமெண்ட் லாரியின் புழுதி முழுக்க ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் படியேற முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இதோட நிறுத்திக்கலாங்க. இந்த பஸ்ஸுல ஏறி எறங்கி என்னால ஆவாது. வூட்லயே கெடக்குறேன், வர்றது வரட்டும்" என்றாள்.

டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "கிறுக்கச்சி மாதிரி பேசாத. காரு வாங்குறேன், படுத்துக்கிட்டே வருவ" என்று கோபமாகச் சொன்னேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வாயில் வரும்.

சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புதுக் கார் வாங்கும் வசதி கிடையாது. அவள் குனியாமல் உள்ளே உட்கார வேண்டும், சீட்டைச் சாய்த்தால் படுக்க வேண்டும். கூரை உயரமாக, பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற சின்ன வண்டிகள் வருகின்றனவே, அதில் பழையதாக ஒன்று கிடைத்தால் போதும் என்று மகளிடம் போனில் சொன்னேன். அவளை விக்கிரமங்கலத்தில் நிலபுலன் உள்ள வீட்டில் கொடுத்திருக்கிறேன். மறுநாளே சம்பந்தி கூப்பிட்டுவிட்டார்.

"ஏன் சம்பந்தி, வூட்டுல வண்டிய வச்சிக்கிட்டு வெளியில தேடுறீங்க? நீங்க கேக்குற மாதிரி வண்டிதான் நம்ம வூட்டுல நிக்கிது. வெளியாளுக்குக் குடுக்க மனசு வராம வச்சிருக்கேன். நம்ம வூட்டு வண்டி நம்ம வூட்டுலயே இருக்கட்டும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன்னா இவர்தான் மனுஷன் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

என் தம்பிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "எதுக்கும் ஒரு மெக்கானிக்க கூட்டிட்டுப் போண்ணே" என்றான்.

"சம்பந்தி வூட்டுக்கு மெக்கானிக்க கூட்டிட்டுப் போறதா? உங்க பேச்ச நம்பலன்னு அவரு மூஞ்சில அடிக்கிற மாதிரி இருக்காது? எம்பொண்ணு அங்க வாழணுமா வேணாமா?" என்று அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. புது சீட் கவர், புது மிதியடி, உள்ளே தலைக்கு ஏறுகிற மாதிரி மல்லிகை சென்ட் வாசனை. நமக்குத் தருவதற்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்தேன். நாட்டுக்கோழிக் குழம்போடு விருந்து. மகள்தான் பரிமாறினாள். சாப்பிட்டுக்கொண்டே, "என்னம்மா, வண்டி எப்படி?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டேன்.

"நல்ல வண்டிதாம்பா, எடுத்துக்கங்க" என்று என் இலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு ரசம் எடுத்துவர உள்ளே போனாள்.

சம்பந்தியிடம் பேரம் பேசுவதும் வழக்கமில்லை. அவர் சொன்ன விலையைத் தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். அதே தட்டில் சாவியை வைத்து, கிழக்கே பார்க்க நிற்கச் சொல்லிக் கொடுத்தார். என்னமோ இரண்டாவது தடவை கல்யாணம் பேசி முடித்த மாதிரி இருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, பெருமையாக அரியலூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பெரம்பலூரில் இருந்து வரும் வழியெல்லாம் மனைவி சாய்ந்து தூங்குவாள். டயாலிசிஸை நிறுத்தலாம் என்கிற பேச்சையே விட்டுவிட்டாள். சம்பந்தி குலம் தழைக்க வேண்டும் என்று கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தாள். அப்புறம் ஒருநாள் இடதுபக்கக் கண்ணாடி இறங்க மாட்டேன் என்றது. அடுத்து ஹாரன் தானாக அடித்தது. நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, முன்னால் போகிறவன் எல்லாம் திரும்பி என்னைத் திட்டினான். பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு மத்தியானம், டயாலிசிஸ் முடிந்து வரும்போது நட்ட நடு ரோட்டில் எஞ்சின் நின்றது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற சின்ன விளக்கெல்லாம் ஒருதரம் எரிந்து அணைந்தது. ஏசி இல்லை, கண்ணாடியும் இறங்கவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு அவளுக்குத் துண்டால் விசிறினேன். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கையில் ஊசி போட்ட இடத்துக் கட்டில் ரத்தம் கசிந்தது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் அந்தச் சனியன் முனகக்கூட இல்லை. கடைசியில் கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரும் நானுமாக அவளைத் தூக்கி ஏற்றினோம். எந்தப் பஸ்ஸுக்குப் பயந்து கார் வாங்கினோமோ அதே பஸ். வீடு வரைக்கும் அவள் என் தோளில் கிடந்தாள்.

ஒர்க் ஷாப்பில் வயரெல்லாம் துருப்பிடித்துப் போயிருக்கிறது என்று எதையெதையோ மாற்றினார்கள். அடுத்த தடவை பெரம்பலூர் போனபோது, அவள் தலையணை நழுவாமல் இருக்கட்டும் என்று சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அதைச் சுற்றிக் கட்டப் பார்த்தேன். பெல்ட்டை யாரும் அவ்வளவு நீளத்துக்கு இழுக்க மாட்டார்கள். முழுக்க வெளியே வந்த பிறகு பார்த்தால், கடைசி முழத்தில் வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது.

அந்த வெள்ளையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயுசு முழுக்க என் சட்டையிலும் தலைமுடியிலும் இருந்த வெள்ளை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துத் தண்ணீர் காய்ந்தால் அப்படித்தான் படியும். பெல்ட் சுருளுக்குள் அது எப்படிப் போகும்? வண்டியே தண்ணீருக்குள் கிடந்தால்தான் போகும்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் விக்கிரமங்கலம் பக்கம். அவருக்குப் போன் போட்டேன். சிரித்தார். "அந்த வண்டியா? கைவிட்ட பழைய சுரங்கத்துல தண்ணி நிக்கிதுல்ல, அதுல உழுந்துச்சு. உன் மாப்ளயோட தம்பி ஓரத்துல நிறுத்திப் போட்டோ எடுத்திருக்கான், பிரேக் போடல. உருண்டு போயி முங்கிருச்சு. ஆடி மாசம், கிரேன் வச்சுத் தூக்குனாங்க, ஊரே வேடிக்க பாத்துச்சு. நீதான் வாங்குனியா?" என்றவர் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தாரே அந்த மனுஷன்! என் மனைவிக்காகத்தான் வண்டி என்று தெரிந்தே தலையில் கட்டிவிட்டாரே! உடனே போய் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று சட்டையை மாட்டினேன். மனைவி வாசலை மறித்துக்கொண்டாள்.

"கேட்டுப்புட்டு நீங்க வந்துடுவீங்க. அங்க இருக்கப் போறவ அவ. அவளுக்கு இது தெரியவே கூடாதுங்க. அவளப் பெத்தவங்களயே மாமனாரு ஏமாத்திட்டாருன்னு தெரிஞ்சா அப்புறம் எந்த மனசோட அந்த வூட்டுல சோறு ஆக்குவா?"

அவளுக்குத் தெரிந்திருக்காது என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. விழுந்தது ஆடி மாதம். கல்யாணமாகி முதல் ஆடி. புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம் அல்லவா, அந்த மாதம் முழுக்க அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என் தங்கத்துக்கு ஒன்றும் தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். உண்மையில் அந்த ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அதிலிருந்து அவள் போன் செய்யும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் நாடகம் ஆடினோம். "வண்டி எப்படிம்மா ஓடுது?" என்று தவறாமல் கேட்பாள். அம்மா மேல் எவ்வளவு அக்கறை பார் என்று நான் நினைப்பேன். "அதுக்கென்னடி, ராஜா மாதிரி ஓடுது" என்பாள் என் மனைவி. நின்ற கதையைப் பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை. வேறு கார் வாங்க வழியில்லாததால் ஒர்க் ஷாப்புக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அதையே ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்பும்போது நின்றுவிடாதே என்று வேண்டிக்கொள்வேன்.

மகள் முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வர விக்கிரமங்கலம் போனோம். மனைவி வரக்கூடாது என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. சம்பந்தி வாய் நிறைய வரவேற்றார். "வண்டிய நல்லா வச்சிருக்கீங்க சம்பந்தி" என்று பானட்டைத் தட்டிக் கொடுத்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். மகளுக்காகத்தான்.

கிளம்பும் நேரம். காரின் பின்கதவைத் தூக்கி, பலகாரக் கூடையை வைத்துவிட்டு, மகள் உட்காரத் தலையணையெல்லாம் போட்டு வைத்திருந்தேன். கை நிறைய வளையலோடு வந்தவள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். ஏறவில்லை.

"அப்பா, வாடகைக் காரு ஒண்ணு சொல்லியிருக்கேன். இப்ப வந்துரும். நான் அதுல வரேன்."

"ஏன்டி, நம்ம வண்டிதான் இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"அது வேணாம்மா. வயித்துப் புள்ளையோட வரேன், நடுவழியில நின்னுட்டா என்ன பண்றது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "நிக்கும்னு உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டேன்.

மகள் வளையலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஆடி முடிஞ்சு திரும்பி வந்தப்ப வாசல்ல இந்த வண்டியக் கதவெல்லாம் தொறந்து போட்டுக் காய வச்சிருந்தாங்கப்பா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டு நான் எங்கப்பா இருக்கிறது?"

நியாயம்தான். அந்த வீட்டில் அவள் இருந்தாக வேண்டும், அதைத்தானே நாங்களும் நினைத்தோம். ஆனால் ரத்தம் சுண்டி வெளுத்துப்போன தாயை வாரம் இரண்டு தடவை அந்தக் காரில் ஏற்றி அனுப்பச் சம்மதித்தவள், தனக்கென்று வரும்போது ஒரே ஒரு தடவை ஏற மாட்டேன் என்கிறாள். சம்பந்தி ஏமாற்றினது எனக்கு அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. அவர் யாரோ. இவள் நான் பெற்றவள்.

என் மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எடுங்க, போவலாம்" என்றாள்.

நாங்கள் முன்னால் போனோம், வாடகைக் கார் பின்னால் வந்தது. நின்று தொலை, இன்றைக்கு நின்று தொலை, அவள் கண் முன்னால் நடு ரோட்டில் ஒரே ஒரு தடவை நின்று தொலை என்று மனசுக்குள் அந்தக் காரை வேண்டிக்கொண்டே ஓட்டினேன். நாசமாய்ப் போன வண்டி, அன்றைக்குப் பார்த்து ஒரு இருமல்கூட இல்லாமல் அரியலூர் வாசல் வரை வந்து சேர்ந்தது.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி எங்கள் பக்கம் வந்தாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "நல்லாத்தானப்பா ஓடுது?" என்றாள்.

"நல்ல வண்டிதாம்மா" என்றேன், அவள் பையைப் பார்த்துக்கொண்டே. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.