கட்டம் கட்டமாக ஓடியவள்

அந்தப் படம் எங்கள் பட்டறைக்கு வந்தபோது, ஏதோ கெட்டுப்போன அச்சு என்றுதான் நினைத்தோம். தோளில் ஏணி, கையில் வாளியோடு ஒரு குள்ள மனிதன். ஜன்னல் துடைக்கிறவனாம். ஆனால் அவன் உடம்பின் ஓரமெல்லாம் ரம்பம் போலப் பல் பல்லாக இருந்தது. மூக்கு ஒரு சதுரம், கண் ஒரு சதுரம்.

எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவரும் வேலம்பாளையத்தில் பனியன்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். சாயம் கலப்பது, மேசையில் அச்சடிப்பது அவர் பொறுப்பு. வரைவது என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள் வரைந்துகொண்டிருந்தவள் நான். இங்கே வந்த பிறகு, படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ட்ரேஸிங் தாளில் கறுப்பு மையால் வரைந்து கொடுப்பேன். அந்தத் தாளை வைத்துத்தான் ஸ்கிரீன் தயாராகும்.

அந்த ஆர்டரைக் கொடுத்தவர் அவிநாசி ரோட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருந்த பாய். இங்கிலாந்தில் சந்தைக் கடைகளுக்கு மொத்தமாக டி-ஷர்ட் விற்கும் ஒரு பெண்மணிதான் அவருடைய பழைய வாடிக்கையாளர். இது அந்தம்மாளின் தம்பிக்கான சின்ன ஆர்டர்.

நான் அந்த மனிதனுக்குத் தோளை உருட்டினேன். கன்னத்துக்கு ஒரு வளைவு, வாளிக்கு ஒரு மினுமினுப்பு, வாயோரம் ஒரு சிரிப்பு. என் கணவர் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மனுசன் மாதிரி இருக்கான்" என்றார். சாம்பிள் கப்பலேறாமல் விமானத்திலேயே போனது. பதிலுக்கு அக்காளும் தம்பியும் நேரிலேயே வந்துவிட்டார்கள். அந்தம்மாள் வருடாவருடம் வருகிறவர்தான். தம்பி வந்தது அதுதான் முதல் முறை.

பாய் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் என் சாம்பிள் விரிந்து கிடந்தது. செம்பட்டை முடியும் வெயிலில் சிவந்த கழுத்துமாக ஓர் இளைஞன் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும்.

"அம்மணி, படம் ரொம்ப அழகா இருக்குதுன்னு சொல்றாருங்க" என்றார் பாய். "ஆனா இது அவரோட ஆளு இல்லீங்களாமா."

"அவரு ஆளுன்னா யாரு பாய்?"

"டிவியில வெளையாடற ஆளுங்களாமா. எனக்கே முழுசாப் புரியலீங்க. ஞாயித்துக்கிழமை நம்மூட்டுக்கு வாங்க. கண்ணுலயே காட்டிப்போடறேன்னு சொல்றாரு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் வீட்டுக்குப் போனோம். அவர் வீட்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த கலர் டிவி இருந்தது. தம்பி தன் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தின் அகலம்தான் இருக்கும், கறுப்பாக, மேலே ரப்பர் பித்தான்கள். அதுதான் கம்ப்யூட்டர் என்றான். நான் அதுவரை கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. பீரோ அளவு இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை டிவியோடும் பாய் வீட்டு டேப் ரெக்கார்டரோடும் இணைத்துவிட்டு, ஒரு சாதாரண கேசட்டைப் போட்டான். விளையாட்டு அந்தக் கேசட்டுக்குள் சத்தமாகப் பதிந்திருக்கிறதாம்.

டேப் வீறிட்டது. ஆயிரம் ஊசியை ஒரே நேரத்தில் தகரத்தில் கீறின மாதிரி சத்தம். பாய் வீட்டம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"ஏனுங்க, டேப்பு சிக்கிக்கிச்சுங்களா?"

"இல்ல, இதுதான் பாட்டாமா" என்றார் பாய்.

முதல் தடவை ஒன்றும் வரவில்லை. தம்பி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, கேசட்டைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டான். திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் துள்ளின. எல்லோரும் காத்திருந்தோம். அப்புறம் சட்டென்று அமைதி. திரையில் ஒரு உயரமான கட்டடம். அதன் கீழே என் ஜன்னல் துடைக்கிறவன்.

தம்பி ஒரு பித்தானைத் தொட்டதும் அவன் நடந்தான். ஏணியைச் சாய்த்தான், ஏறினான், ஜன்னலைத் துடைத்தான். மேலேயிருந்து ஒரு பூந்தொட்டி விழுந்ததும் குதித்து ஒதுங்கினான். அத்தனையும் சதுரம் சதுரமாக. பல் பல்லாக இருந்தது அச்சுக் கோளாறு இல்லை, அவன் பிறப்பே அப்படித்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாய் வீட்டம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒருக்கா பாக்கறனுங்க" என்று உட்கார்ந்தார். அவரிடமிருந்து அந்தப் பெட்டியை வாங்க வெகுநேரம் ஆனது.

வண்ணம் ஏன் இப்படித் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று கேட்டேன். திரை சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறதாம், ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்குமேல் வைக்க முடியாதாம். அந்தக் கஷ்டத்தைச் சமாளிப்பதில்தான் அவர்களுடைய திறமையே இருக்கிறது என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கும் அதேதான் பாய். ஒரு நிறம் கூடினா ஒரு ஸ்கிரீன் கூடும்னு சொல்லுங்க" என்றேன். பாய் சொன்னதும் அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கும்போது அவன் தன் கதையைச் சொன்னான். பாய் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். இங்கிலாந்தில் இப்போது இதுதான் புதுத் தொழிலாம். பெரிய கம்பெனி ஒன்றும் வேண்டாம். படிக்கிற பிள்ளைகளும் வேலையில்லாதவர்களும் வீட்டு அறையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டை எழுதுவார்களாம். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் கொடுத்தால் தபாலில் ஆர்டர் வருமாம். அம்மாவும் தங்கையும் சாப்பாட்டு மேசையில் கேசட்டைக் கவருக்குள் போட்டு ஒட்டுவார்களாம். சிலர் கார் வாங்கினார்கள். சிலர் அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். இவர்கள் நான்கு பேர், ஊரில் மூடிக்கிடந்த ஒரு பனியன் மில்லின் மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் பாய் கொஞ்சம் தயங்கினார்.

"அந்த மில்லுலதானுங்க இவங்கம்மா ஓவர்லாக் தையல் அடிச்சிட்டு இருந்திருக்காங்க. வெளியூர்ல இருந்து சல்லிசா துணி வர ஆரம்பிச்சதும் மில்லை மூடிப்போட்டாங்களாமா."

வெளியூர் என்றால் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. என் கணவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அந்த அக்காள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தானே பேசினார். பாய் மெதுவாகச் சொன்னார்:

"மூடுனப்ப அம்மாவும் மகளுமா அழுதாங்களாமா. அப்பறம் பொழைக்கோணுமில்லீங்களா, அதுதான் துணி யாவாரத்துல எறங்கி இங்க வந்தேன்னு சொல்றாங்க. இப்ப அதே மில்லுக்குள்ள தம்பி சிரிச்சுக்கிட்டு வேல செய்யறதப் பாத்தா மனசு ஆறுதுங்கறாங்க. வருத்தமெல்லாம் உங்க மேல இல்லீங்களாமா."

மறுநாள் நான் பாய் கம்பெனிக்குப் போயிருந்தபோது அவன் தையல் செக்ஷனுக்குள் வந்தான். ஓர் ஓவர்லாக் மிஷின் முன்னால் நின்று, உட்காரலாமா என்று சைகையில் கேட்டான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா எழுந்து இடம் கொடுத்தாள். பனியனின் பக்கவாட்டைச் சேர்த்து வைத்து, காலை அழுத்தி, ஒரே ஓட்டமாக அடித்து முடித்தான். பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவோடு மில்லுக்குப் போய்ப் பழகியதாம். அந்தத் தூத்துக்குடி அக்கா தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு நாளையிலருந்து ஷிப்ட் போடுங்க" என்றாள். செக்ஷனே சிரித்தது.

அவனுடைய அக்காள் ஆர்டர் வேலைகளை முடிக்கிறவரை அவன் பாயின் சாம்பிள் ரூமில் ஒரு சின்ன டிவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிறிஸ்துமசுக்குக் கடைகளுக்கு வரவேண்டிய அடுத்த விளையாட்டு பாதியில் நின்றதாம். கரண்ட் போனால் அதுவரை எழுதியது மொத்தமும் அழிந்துவிடும். அப்படி ஒரு காலை முழுக்க எழுதியது போனபோது அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பாய், தன் ஜெனரேட்டர்க்காரரை அவன் பக்கமே நிற்கவைத்துவிட்டார்.

அந்த விளையாட்டின் நாயகி ஒரு பெண். அவள் ஓடவேண்டும். ஆனால் அவன் வரைந்தவள் ஓடவில்லை, இழுத்துக்கொண்டு போகிற மூட்டை மாதிரி நகர்ந்தாள். நான் புது ட்ரேஸிங் தாள்களோடு போயிருந்த அன்று அதைத்தான் வெறித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இருப்பது பதினாறு சதுரம் உயரம். அதற்குள் கண், மூக்கு, பாவாடை மடிப்பு எல்லாவற்றையும் திணித்திருந்தான்.

தீப்பெட்டி லேபிளில் நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் திணிப்பேன். நகக்கண் அளவு இடத்தில் முகம் நிற்காது. ஆளைச் சொல்கிற ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும். சாம்பிள் ரூமில் கோடு போட்ட துணிகளுக்காகக் கிராஃப் தாள் கிடந்தது. ஒன்றை இழுத்து, பென்சிலால் கட்டங்களை நிரப்பினேன். முகத்தை எடுத்துவிட்டேன். தலையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். ஒரு நீளச் சடை வைத்தேன். முதல் படத்தில் சடை முதுகோடு கிடக்கும். அடுத்ததில் மேலே எழும். அதற்கடுத்ததில் பின்னால் நீண்டு பறக்கும். கடைசியில் கீழே இறங்கும்.

அவன் தாளை டிவி பக்கத்தில் ஒட்டிவைத்தான். ஒவ்வொரு வரிசையிலும் எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணாக மாற்றித் தட்டினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வரிசை தவறாமல் விரலை வைத்துக் காட்டினேன். என் ஆங்கிலத்துக்கும் அவன் தமிழுக்கும் அந்த விரல் போதுமானதாக இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியது. கடைசியாக ஒரு பித்தானைத் தட்டினான்.

அவள் ஓடினாள்.

திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, சடை பறக்க ஓடினாள். நான் வரைந்தது எத்தனையோ பெட்டிகளில், பனியன்களில் போயிருக்கிறது. எதுவும் அசைந்ததில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் திரும்பத் திரும்ப அவளை ஓடவிட்டான். என்னைத் தேடி வந்த என் கணவர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"ஏ, பஸ்ஸப் புடிக்க நீ ஓடுற மாதிரியே இருக்கே!"

ஊருக்குக் கிளம்பும் முன் அவன் அந்தக் கிராஃப் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஜன்னல் துடைக்கிறவனை நான் மறுபடி, பல் பல்லாகவே வரைந்து கொடுத்தேன். வளைவு போடுவதைவிட அது கஷ்டம். ஒரு சதுரத்தின் முனை மழுங்கினாலும் கண்ணில் உறுத்தும். 

பொங்கல் கழிந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கேசட். அதன் அட்டையை மடித்துத் திறந்தால், அந்த நான்கு பேரின் பெயருக்குக் கீழே என் பெயர், ஓர் எழுத்து தப்பாக. பட்டறையில் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? என் கணவர் அதைப் பட்டறை டேப் ரெக்கார்டரில் போட்டு, "எம் பொண்டாட்டி பாட்டு, கேளுங்கடா" என்றார். அது வீறிட்டது. பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவர் மட்டும் நின்று முழுசாகக் கேட்டார்.

அக்காள் வருடாவருடம் வந்துகொண்டிருந்தார். அவரிடம்தான் தம்பியின் சேதி கேட்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்கள் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். ஜப்பானிலிருந்து வந்த புது விளையாட்டுப் பெட்டிகளுக்குக் கேசட் தேவையில்லை. நான்கு பேர் மாடி அறையில் உட்கார்ந்து செய்கிற அளவில் விளையாட்டுகள் இல்லாமல் போயின. பெரிய கம்பெனியும் கொஞ்ச நாளில் மூடியது. தம்பி இப்போது வேறு ஊரில், ஒரு முழுக் கட்டடம் நிறைய ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் இருக்கிறான். அங்கே ஒருவர் மரம் மட்டும்தான் வரைவாராம். "அவன் சந்தோஷமாத்தான் இருக்கானுங்களாமா" என்றார் பாய். "புதுசு வந்தா புதுசக் கத்துக்கறான். வேறென்னங்க செய்யறது?"

எங்கள் ஊரிலும் புதுசு வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பாய் டிசைன் வேலைக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ட்ரேஸிங் தாள் வரைந்துகொண்டிருந்தவர்கள் அதன் பக்கம் போகவே பயந்தார்கள். நம் பிழைப்பு போச்சு என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். பாய் ஆள் அனுப்பினார்.

"அம்மணி, உங்களுக்கு இது ஏற்கெனவே பழக்கமானதுதானுங்களே. வந்து உக்காருங்க."

பழக்கமெல்லாம் இல்லை. மவுஸைத் தொட்டாலே எதையாவது கெடுத்துவிடுவேனோ என்றிருந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க, எல்லா வளைவும் கடைசியில் சதுரங்களாகத்தான் இருந்தது. பயம் போய்விட்டது. பாய் ஆபீசில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, கடன் வாங்கி, மங்கலம் ரோட்டில் சொந்தமாக ஒரு டிசைன் அறை திறந்தேன். என் கணவர் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். ஸ்கிரீனில் அச்சடிக்க ஆள் வேண்டாம் என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லவில்லை.

என்னிடம் முதலில் சேர்ந்தவள் ஒரு செக்கிங் செக்ஷனில் பனியன்களின் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண். வரையத் தெரியும் என்று தானே வந்து கேட்டாள். அவள் முதல்முதலாகத் தனியாகச் செய்தது குழந்தை பனியனுக்கு ஒரு மீன். செதிலுக்கு எந்தப் பச்சை என்று என்னோடு ஒரு வாரம் சண்டை போட்டாள். அவள் பச்சையே நின்றது. ஆர்டர் போனது. மிஞ்சிய பனியன்கள் உள்ளூரில் காதர்பேட்டைக் கடைகளுக்கு விற்பனைக்கு வந்தன.

சித்திரையில் அவிநாசித் தேருக்கு நானும் அவளும் பஸ்ஸில் போனோம். நெருக்கியடிக்கும் கூட்டம். முன் சீட்டில் ஒரு தாயின் தோளைப் பிடித்து நிமிர்ந்து, ஒன்றரை வயதுக் குழந்தை பின்னால் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சில் அந்த மீன். குழந்தை பனியனின் கழுத்தை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்ததில் மீனின் வால் நனைந்திருந்தது. அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, சாயம் போகலக்கா" என்றாள் காதோடு. "அத்தன சப்பியும் பச்ச அப்படியே நிக்குது பாருங்க."

அந்தத் தாய் திரும்பிப் பார்த்தார். நாங்கள் நிற்க முடியாமல் தவிக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. குழந்தையை மடிக்கு மாற்றிக்கொண்டு, "இப்படி ஒண்டி உக்காருங்க கண்ணு, எடம் இருக்குது" என்று நகர்ந்தார். அவள் அந்த மீனுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.