ஃபிலிமில் ஏறிய தழும்பு

மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் நான். ஆனாலும் தொம்மலூரில் கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகள் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். ஃபோனில் எடுத்த படத்தை ஃபிலிமில் ஏற்றி, இருட்டறையில் காகிதத்தில் கழுவித் தர இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? படத்தைப் பெரிய திரையில் விட்டு, எதிரே கேமராவை ஆடாமல் நிறுத்தி, கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம்தான்.

பஸ் ஸ்டாப் பக்கம் இட்லிக் கடை போடுகிற அம்மாவும் அப்படித்தான் வந்தாள். மூத்த மகன் பைக்கில் போகும்போது லாரியில் மாட்டிச் செத்துப்போனான். அவன் ஃபோனும் அவனோடு நொறுங்கிவிட்டது. தன்னைத் தானே எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்த ஒரே ஒரு படம் மட்டும் அவளிடம் மிச்சம்.

"ஃபோன்ல இருக்கறது என்னைக்கு வேணா போயிடும்ணா. ஃபிலிம்ல போட்டுக் குடு. எரிச்சாத்தான் போகணும்."

எடுத்தேன், கழுவினேன், காயவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முதல் பிரிண்டைக் கையில் வாங்கியவுடனே சொல்லிவிட்டாள்.

"பக்கம் மாறிப்போச்சு. தழும்பு இந்தப் புருவத்துல இல்ல, அந்தப் புருவத்துல. மஞ்சள் பத்து போட்டவ நானு, எனக்குத் தெரியாதா?"

செல்ஃபி என்பது கண்ணாடி மாதிரி, இடம் வலம் மாறித்தான் விழுந்திருக்கிறது. ஃபிலிமைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும் என்று இருட்டறைக்குள்ளே போனேன். சின்னவன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"தழும்பே வேணாம் பெருசு. மாலை போடற படம். பென்சில்ல தேய்ச்சு எடுத்துடு."

"உங்கம்மா கேக்கலையே?"

"அம்மாவுக்கு என்ன தெரியும்? அது முன்னாடி ஒருதரம் பைக்ல இருந்து விழுந்தது, அவ்ளோதான்."

எனக்கு வாயை அடக்கிப் பழக்கமில்லை. ஒக்கலிபுரத்தில் மூட்டை தூக்கிய வயதில் என் மண்டையில் பாட்டிலை உடைத்தவனை ஸ்டேஷன் வரைக்கும் துரத்திப் பல்லைக் கழற்றியவன் நான்.

"ரோட்டுல விழுந்தா தோல் தேயும்டா. இது பாட்டில் வெட்டு. யார்கிட்ட கதை விடற?"

"சும்னிரு, வாயை மூடு கிழவா!"

குத்து மூக்கில் விழுந்தது. சிவப்பு விளக்கில் ரத்தம் ரத்தமாகத் தெரியாது, தண்ணீர் மாதிரிதான் தெரியும். உதட்டில் உப்புக் கரித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அதற்குள் அவன், படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கிற என்லார்ஜரிலிருந்து ஃபிலிமை உருவி இரண்டு கையாலும் இழுத்தான். நான் வாங்கி வைக்கிற ரகம் கையால் கிழியாது. பல்லால் கடித்து இழுத்தான். ஓரம் அவன் உதட்டை அறுத்துவிட்டது. விட்டேனா? கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். என் வயதுக்கு வேறு யாராவது இருந்திருந்தால் அன்றைக்கே பாடையில் போயிருப்பான். முழங்காலால் அவன் வயிற்றில் ஒன்று கொடுத்து, ஃபிலிம் பிடித்த கையைப் பின்னால் முறுக்கினேன். எலும்பு கடக்கென்றது.

"ஆமா, நான்தான் அடிச்சேன்! பாட்டிலால நான்தான் அடிச்சேன், போதுமா? விடு!"

கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. வாசலில் அம்மா. எல்லாம் கேட்டுவிட்டாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"விழுந்துட்டேன்னுதானேடா உங்கண்ணன் எங்கிட்ட சொன்னான்?"

நான் பிடியை விட்டேன், ஃபிலிம் அவன் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"கடைசி வரைக்கும் உன்னைக் காட்டிக்குடுக்கலையேடா!"

அறைந்தாள். மாவாட்டிய கை அது, என் குத்தெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதும் விடவில்லை, செருப்பைக் கழற்றி முதுகில் அடித்தாள். அவன் கையைக்கூட உயர்த்தவில்லை. நானும் தடுக்கவில்லை.

மூச்சு வாங்கி நின்றபின் என்னைப் பார்த்தாள்.

"ஃபிலிம் இருக்காண்ணா?"

நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் பல் தடம் பதிந்திருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அப்ப அந்தத் தழும்போட போடு. அவனுக்கு இருந்த பக்கத்துலயே."

கதவைச் சாத்தினாள். வெளியே போகவில்லை. நான் ஃபிலிமைத் திருப்பி மாட்டி, புதுக் காகிதத்துக்கு வெளிச்சம் காட்டி, மருந்துத் தட்டில் போட்டேன். அவள் சின்னவனின் தலைமயிரைப் பிடித்துத் தட்டுக்கு மேல் குனியவைத்தாள்.

"கண்ணை மூடினே, கொன்னுடுவேன்."

காகிதத்தில் கருப்பாக இருக்கிறதெல்லாம்தான் முதலில் வரும். முடி வந்தது. பிறகு புருவம், இரண்டு துண்டாக. தட்டைப் பார்த்துச் சின்னவன் குரல் உடைந்து அண்ணா என்றான். அவள் பிடியைத் தளர்த்தவில்லை.